நடுவுல வர்றதைப் பிடிங்க

காலை ஏழரைக்கு லேபின் ஷட்டரைத் தூக்கும்போதே வாசல் படியில் இரண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தியின் ஒயர் கூடைக்குள், இன்னொருத்தியின் முந்தானைக்குள் ஒரு பாட்டில் ஒளிந்திருக்கும். "வீட்லயே பிடிச்சிட்டு வந்துட்டேன்" என்பார்கள். ஜாம் பாட்டில், இருமல் சிரப் பாட்டில், ஒரு முறை ஊறுகாய் பாட்டில்கூட வந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு இது ஆகாது என்று சொல்லி, சீல் பிரிக்காத டப்பா ஒன்றைக் கையில் கொடுப்பேன். கூடவே, இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த வாக்கியம்: "முதல்ல வர்றதை விட்டுடுங்க. கடைசியா வர்றதையும் விட்டுடுங்க. நடுவுல வர்றதைப் பிடிங்க."

முருங்கப்பாக்கத்திலிருந்து பாலத்தைத் தாண்டினால் அரியாங்குப்பம். வீராம்பட்டினம், நோணாங்குப்பம், காக்காயந்தோப்பு, மணவெளி என்று சுற்றுவட்டாரத்துப் பெண்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாள் இந்தப் படியில் உட்கார்ந்தவர்கள்தாம். படிக்கிற காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை 'மிட்ஸ்ட்ரீம்'. அதை வைத்துக்கொண்டு ஒரு ஆயாவுக்கும் எதையும் விளக்க முடியாது. வீராம்பட்டினத்து மீன்கார ஆயா ஒருவரிடம்தான் எனக்கு வழி கிடைத்தது.

"ஆயா, அடிபம்பு அடிச்சா மொதல்ல என்னா வரும்?"

"கலங்கத் தண்ணி."

"கொடத்துல பிடிப்பீங்களா?"

"யாரு பிடிப்பா? நாலு அடி அடிச்சி வுட்டுட்டுத்தான்."

"அதேதான் இதுவும்."

ஆயா டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அடிபம்புதான்.

சிறுநீர் வெளியே வரும் வாயிலைச் சுற்றித் தோலிலும் மடிப்பிலும் எந்நேரமும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும். அது அவற்றின் சொந்த இடம், அங்கே இருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. முதலில் வரும் நீர் அவற்றை அடித்துக்கொண்டு வருகிறது. அதைப் பிடித்துக் கொடுத்தால் மறுநாள், கிருமி வளர்க்கும் என் பிளேட்டில் அவை முளைத்து, மூத்திரப்பையிலிருந்து வந்தவை மாதிரி உட்கார்ந்திருக்கும். பார்த்துப் பிரிக்க எனக்கு வழியே கிடையாது. நுண்ணோக்கி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தால் என்ன, ரிப்போர்ட்டின் பாதித் தலையெழுத்து அந்தக் கழிவறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி எண்ணிக்கையில். அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் 1956-இல் ஒரு கணக்கை முன்வைத்தார். ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1,00,000 பாக்டீரியாவுக்கு மேல் இருந்தால் அது உண்மையான தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம், குறைவாக இருந்தால் வழியில் ஒட்டியதாக இருக்கலாம். எங்கள் கையில் இருக்கும் லூப், நுனியில் சிறு வளையம் வைத்த கம்பி, சரியாக 0.001 மில்லிலிட்டரை அள்ளும். அதைப் பிளேட்டில் இழுத்துவிட்டு 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தால், முளைக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஆயிரத்துக்குச் சமம். நூறு புள்ளி என்றால் லட்சம். எண்ணத் தெரிந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். வேறொரு லேப். கத்திரி வெயில், கரண்ட் இல்லை. காலை ஒன்பது மணிக்கு வந்த டப்பாக்கள் முன்மேசையிலேயே கிடந்தன. பிரிட்ஜும் ஓடவில்லை. ரத்த மாதிரிகளை முடித்துவிட்டு நான் லூப்பை எடுத்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அவற்றில் ஒன்று ஐந்து மாதக் கர்ப்பிணியுடையது. மறுநாள் எண்ணினேன், லட்சத்துக்கு மேல். அப்படியே எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் ஏழு நாள் மாத்திரை சாப்பிட்டாள். அவளுக்கு எரிச்சலோ கடுப்போ ஏதும் இருந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தோதான சூட்டில் எஷரிக்கியா கோலை இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். அறை வெப்பத்துச் சிறுநீரில் அதைவிட மெதுவாக வளரும், ஆனால் ஏழு தடவை இரட்டித்தால் ஆயிரம் 1,28,000 ஆகிவிடுகிறது. அந்த ஐந்து மணி நேரத்தில் டப்பாவுக்குள் பெருகியதை நான் அவள் உடம்புக் கணக்கில் எழுதியிருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் பிளேட்டில் போடு, முடியாவிட்டால் 4 டிகிரியில் வை என்று பாடத்தில் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். இப்போது டப்பா கைக்கு வந்ததும் முதல் வேலை, மூடியின்மேல் மணி எழுதுவது.

லட்சம் என்பது கல்லில் செதுக்கிய எண்ணும் கிடையாது. எரிச்சலோடு வரும் இளம் பெண்ணுக்கு நூறு இருந்தாலே போதும், அது தொற்றுதான் என்று 1982-இல் வால்டர் ஸ்டாம் குழுவினர் காட்டினார்கள். மறுபக்கம், எந்தத் தொல்லையும் இல்லாத முதியவருக்கு லட்சம் இருந்தாலும் பெரும்பாலும் மருந்து வேண்டாம். கர்ப்பிணி என்றால் தொல்லை இல்லாவிட்டாலும் மருந்து வேண்டும், விட்டால் சிறுநீரகம் வரை ஏறக்கூடும். ஒரே எண்ணுக்கு ஆளைப் பொறுத்து மூன்று அர்த்தம். அதனால்தான் டப்பாவோடு வயதையும் தொல்லையையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். "ஒண்ணுக்குத்தானே கொடுக்கிறோம், இதெல்லாம் எதுக்குக் கேக்கிற?" என்று சிலர் முறைப்பார்கள்.

பிளேட்டில் இருக்கும் அந்தக் கெட்டிக் கூழைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது அகர். நம் மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று விற்பார்களே, நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போடுவார்களே, அதே சரக்கு. 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸெ, கிருமி வளர்க்க வைத்திருந்த ஜெலட்டின் வெயிலில் உருகி ஓடுகிறதே என்று தவித்தார். அவர் மனைவி ஃபானி தன் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகரைச் சொன்னார். அது உருகவில்லை. ஜெலட்டினை மட்டும் நம்பியிருந்தால் அரியாங்குப்பத்து மே மாதத்தில் நான் பிளேட்டைக் குடித்துத்தான் பார்த்திருக்க வேண்டும். ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இந்த அகர் வருகிறது. ஃபானியின் பெயர் பின்னால் இன்னொரு இடத்தில் வரும்.

மறுநாள் காலை பிளேட்டைத் திறப்பது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குச் சலிக்கவில்லை. மெக்காங்கி பிளேட்டில் ரோஸ் நிறத்தில் தட்டையாக, வறண்டு உட்கார்ந்திருந்தால் எஷரிக்கியா கோலை. 1885-இல் தியோடர் எஷரிக் குழந்தைகளின் மலத்தில் கண்டது. சாதாரணச் சிறுநீர்த் தொற்றுகளில் நான்கில் மூன்று இதனுடையது. குடலில் இருந்தவரை நல்ல குடித்தனக்காரன், இரண்டு அங்குலம் தள்ளி மூத்திரப்பைக்குள் போனால் ரகளை. தன் உடம்பில் உள்ள மயிரிழைகளின் நுனியால் பையின் சுவரைப் பிடித்துக்கொள்ளும், சும்மா நீர் அடித்தால் போகாது. அதே ரோஸ் நிறத்தில் வெண்டைக்காய் கொழகொழப்போடு, லூப்பால் தொட்டதும் நூலாக இழுபட்டால் கிளெப்ஸியெல்லா. ரத்த அகரில் அலைபோல வளையம் வளையமாகப் பரவிப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் மூடிவிட்டால் புரோட்டியஸ். உருவம் மாற்றும் கிரேக்கக் கடல்தெய்வத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். இது யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும், நீருக்குக் காரத்தன்மை ஏறும், கல் சேரும். பச்சை நிறம் கசிந்தால் சூடோமோனாஸ். வாசனையை வைத்தே பெயர் சொல்லும் சீனியர் ஒருவர் எனக்கு இருந்தார். பிளேட்டை மோந்து பார்ப்பது ஆபத்து, யாரும் செய்யக் கூடாது. ஆனால் அவர் தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

பெயர் தெரிந்த பிறகு எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பது. பாக்டீரியாவைப் பிளேட் முழுக்கத் தடவி, மருந்து ஊறிய பொட்டுக் காகிதங்களை வைப்போம். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காத வட்டம் விழும். ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் அளப்பேன். நான் சேர்ந்த காலத்தில் பெரிய வட்டங்களாக விழும் பிளேட்டுகள் நிறைய வந்தன. இப்போது சில பிளேட்டுகளில் பொட்டின் விளிம்பு வரை வந்து முட்டி நிற்கிறது. கடுப்பு வந்தால் மருந்துக்கடையில் நாலு மாத்திரை, எரிச்சல் குறைந்ததும் நிறுத்தம், இதுதான் பழக்கம். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று 2016-இல் மத்திய அரசு சொல்ல ஆரம்பித்தது. கோட்டைப் பார்த்து வாங்காமல் திரும்பியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கார்பபெனெம் என்ற கடைசி வரிசை மருந்தையே முறிக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதி உலகுக்கு முதலில் தெரியவந்ததும் ஒரு சிறுநீர் கல்ச்சரிலிருந்துதான். இந்தியா வந்து திரும்பிய, இந்திய வம்சாவளி ஸ்வீடன்காரர் ஒருவரின் கிளெப்ஸியெல்லா. அந்த நொதி எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று 2010-இல் வெளியான கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. பழைய மருந்தான நைட்ரோஃபுரான்டாயின் இன்னும் பெரும்பாலும் கைகொடுக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

சிறுநீர் டப்பாவையாவது கூடையில் ஒளித்துக்கொண்டு வருவார்கள். இன்னொரு மாதிரி ஸ்லைடாக வரும். ஸ்லைடு எடுப்பது டாக்டரோ நர்ஸோ, பார்ப்பது நான். சீட்டில் 'டிஸ்சார்ஜ்' என்று இருக்கும். வாயால் யாரும் சொல்ல மாட்டார்கள். "வெள்ளை", "சூடு", "அந்தப் பிரச்சினை". எலும்பு உருகித்தான் வெள்ளையாகப் போகிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொஞ்சம் வெள்ளைப்படுவது இயல்பு என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

கிராம் ஸ்டெயின் என்ற சாயம் போட்ட ஸ்லைடை முதன்முதலில் பார்த்தபோது நான் கெட்டதைத் தேடினேன். சிறுநீர் பார்த்த கண்ணுக்கு அதுதான் பழக்கம், யார் உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று தேடுவது. "முதல்ல யார் இல்லைன்னு பாரு" என்றார் என் சீனியர். நலமான பெண்ணின் ஸ்லைடில் பெரிய செல்களுக்கு இடையே ஊதா நிறக் குச்சிகள் சிதறிக் கிடக்கும். லாக்டோபாசில்லஸ், தயிரைத் தோய்க்கும் குடும்பத்துச் சொந்தம். 1892-இல் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தார். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை யோனிச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் சேரும். அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையைத் தின்று இந்தக் குச்சிகள் லாக்டிக் அமிலம் சுரக்கும். பி.எச். 4.5-க்குக் கீழேயே நிற்கும். அந்தப் புளிப்பில் வேறு பலவற்றால் பெருக முடியாது.

எங்கள் ஊர் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வாய் மணலால் தூர்ந்தால் ஒருவகை மீன், திறந்து உப்புத் தண்ணீர் ஏறினால் வேறுவகை. வலைக்காரர் மீனைப் பார்த்தே வாய் திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். நான் ஸ்லைடைப் பார்த்துப் புளிப்பு போய்விட்டதா என்று சொல்கிறேன். ஊதாக் குச்சிகள் காணாமல் போய், சின்னஞ்சிறு துகள்கள் மொய்த்துக் கிடக்கும். ஒரு செல்லின் மேல் அவை அப்பி, செல்லின் விளிம்பே தெரியாமல் ரவை தூவிய மாதிரி இருந்தால் அதற்குக் 'க்ளூ செல்' என்று பெயர். நோயின் பெயர் பாக்டீரியல் வஜைனோசிஸ்.

யார் குற்றவாளி என்று தேடியவர்களின் கதை ஒன்று உண்டு. 1955-இல் அமெரிக்காவில் ஹெர்மன் கார்ட்னரும் சார்லஸ் டியூக்ஸும் ஒரு நுண்ணுயிரைக் கண்டு இதுதான் காரணம் என்றார்கள். இன்று அது கார்ட்னரெல்லா வஜைனாலிஸ். நிரூபிக்க அவர்கள் செய்தது, நலமாயிருந்த பெண்களின் உடம்பில் அதைச் செலுத்தியது. தனியாக வளர்த்ததைச் செலுத்திய 13 பேரில் ஒருத்திக்கு நோய் வந்தது. நோயுள்ளவரின் கசிவை அப்படியே செலுத்திய 15 பேரில் 11 பேருக்கு வந்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத காரியம். அந்த எண்களைப் படித்தபோது அந்தப் பெண்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்றுதான் எனக்கு ஓடியது. ஆனால் எண்கள் சொல்வது தெளிவு: தனி ஆளால் ஆகாத காரியம் கூட்டத்தால் ஆகிறது. அந்தக் கூட்டத்தில் கார்ட்னரெல்லாவோடு பிரெவோட்டெல்லா, வளைந்த மொபிலுங்கஸ், இன்னும் ஒன்று, ஃபானிஹெஸ்ஸெயா வஜைனே. அகரைக் கொடுத்த அந்த அம்மாவின் பெயரை 2018-இல் இதற்கு வைத்தார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். கொஞ்சம் நல்ல ஜீவனுக்கு வைத்திருக்கலாம்.

ஸ்லைடை எண்ண 1991-இல் ராபர்ட் நூஜென்ட் குழு ஒரு மதிப்பெண் முறை வகுத்தது. ஊதாக் குச்சி குறையக் குறைய மதிப்பெண் ஏறும். 0 முதல் 3 வரை இயல்பு, 7-உம் அதற்கு மேலும் நோய். 4, 5, 6 எனக்குப் பிடிக்காத எண்கள். டாக்டர்களுக்கு ஆம், இல்லை வேண்டும். உடம்போ இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கும். அப்போது இன்னொரு இருபது இடத்தை நகர்த்திப் பார்ப்பேன். பார்த்தும் 5 என்றால் 5 என்றே எழுதுவேன்.

இதற்கு இன்னொரு சோதனை இருக்கிறது. கசிவின்மேல் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் குப்பென்று மீன் வாடை எழும். நாற்பது வயதிருக்கும் ஒரு அக்கா, மீன் விற்பவர். வீட்டுக்காரர் திட்டுகிறார் என்று கண்ணில் நீரோடு வந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"மூணு வருசமா இருக்கும்மா. மீன் விக்கிற ஒடம்பு, மீனுதானே நாறும்னு வுட்டுட்டேன். ரெண்டு வேளை சோப்புப் போட்டு உள்ள வரைக்கும் கழுவுறேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. கெட்டுப்போன கடல் மீனில் வாடை அடிக்கக் காரணம் ட்ரைமெத்திலமின் என்ற பொருள், மீனின் சதையில் உள்ள ஒன்றைப் பாக்டீரியாக்கள் உடைப்பதால் வருவது. வஜைனோசிஸிலும் எழுவது அதே பொருள்தான். வேதியியல்படி அந்த அக்கா சொன்னது சரி. ஆனால் அது அவர் கூடையிலிருந்து வரவில்லை. உள்ளே சோப்புப் போட்டுக் கழுவியது, மிஞ்சியிருந்த குச்சிகளையும் துரத்தியிருக்கும். தொழிலைச் சொல்லி ஊரே ஏளனம் செய்த வார்த்தையை அவர் தன் உடம்புக்கு விளக்கமாக எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டார். ஸ்லைடு 9 மதிப்பெண். ஒரு வார மெட்ரனிடசோல் மாத்திரையில் வாடை போனது. அரசு மருத்துவமனை என்றால் வெள்ளைப்படுதலுக்குப் பச்சை நிற மருந்துப் பை ஒன்று இருக்கிறது, இலவசம்.

நான்கு மாதத்தில் திரும்ப வந்தார். இது அடிக்கடி நடப்பது. "உனக்குத்தான் சுத்தம் இல்லை" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஆய்வாளர்கள் வெளியிட்டதை அப்போது நான் படித்திருக்கவில்லை, படித்திருந்தால் டாக்டரிடம் கேட்டிருப்பேன். 164 தம்பதிகளைப் பிரித்து, ஒரு பாதியில் பெண்ணுக்கு மட்டும், மறுபாதியில் ஆணுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். பெண்ணுக்கு மட்டும் கொடுத்ததில் 12 வாரத்துக்குள் 63 சதவீதத்தினருக்குத் திரும்ப வந்தது. இருவருக்கும் கொடுத்ததில் 35. ஆய்வை நடுவிலேயே நிறுத்தும் அளவுக்கு வித்தியாசம். இங்கே ஆண்கள் இந்தப் படியேறி வந்து உட்காருவார்களா என்பது வேறு விஷயம்.

சிறுநீர், ஸ்லைடு என்ற இரண்டு மாதிரிகளையும் தனித்தனி நோட்டில் பல வருஷம் எழுதிவந்தேன். மீன்கார ஆயாவால்தான் அந்தப் பழக்கம் விட்டது. அறுபத்தைந்து வயதிருக்கும். வருஷத்தில் நான்கைந்து முறை கடுப்போடு வருவார். காலை நாலு மணிக்குக் கிளம்பினால் பகல் வரை தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் எங்கே போவது? தெருத்தெருவாகக் கூடை தூக்குகிறவருக்கு எந்த வீட்டுக்காரி கழிவறையைத் திறந்துவிடுவாள்? நீர் ஓடாத இடத்தில் பாக்டீரியா நின்றுகொள்ளும். இதுவரை எனக்குப் புரிந்தது. புரியாதது, மாதவிடாய் நின்றவர்களிடம் இது ஏன் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்பது.

பெண் டாக்டர் ஒருவர் சொன்னார். ஈஸ்ட்ரோஜன் வற்றினால் கிளைக்கோஜன் வற்றும், ஊதாக் குச்சிகள் போகும், புளிப்பு போகும். காலியான அந்த இடத்தில் குடலிலிருந்து எஷரிக்கியா கோலை வந்து குடியேறும். அங்கிருந்து மூத்திரப்பைக்கு எட்டும் தூரம். 1993-இல் ராஸ், ஸ்டாம் இருவரும் செய்த ஆய்வில், அந்த இடத்தில் ஈஸ்ட்ரியால் கிரீம் போட்டுக்கொண்ட முதிய பெண்களுக்கு வருஷத்துக்குச் சராசரி 0.5 தொற்று, போடாதவர்களுக்கு 5.9. பக்கத்து வீடு காலியானதால் வந்த திருட்டை நான் இத்தனை நாள் தனிக் கேஸாக எழுதிக்கொண்டிருந்தேன். சிறுநீரில் கிருமியே கிடையாது என்றுதான் எனக்குப் பாடம் நடந்தது. அதுவும் போயிற்று. 2012-இல் சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தார், நலமான பெண்களின் மூத்திரப்பைக்குள்ளும் பாக்டீரியாக்கள் வசிப்பதைக் காட்டினார்கள். அவற்றில் லாக்டோபாசில்லஸும் உண்டு, கார்ட்னரெல்லாவும் உண்டு. இப்போது என்னிடம் ஒரே நோட்டுதான்.

போன மாதம் ஆயா வந்தார். அந்த ஈஸ்ட்ரியால் கிரீமைப் பேத்தி வாங்கிக் கொடுத்ததாகவும் போட்டுக்கொள்ள வெட்கமாயிருந்ததாகவும், பிறகு போட்டுக்கொண்டதாகவும் மூன்று தடவை சொன்னார். டப்பாவை நீட்டினார், நான் மூடியில் மணி எழுதினேன்.

"போன தடவ என்னுதுல என்னா மொளச்சிச்சி? காட்டேன் பாப்பா."

அவருடையது இல்லை. பழையவற்றையெல்லாம் ஆட்டோகிளேவில் அவித்துக் கொட்டிவிடுவோம். வேறொருவரின் பிளேட்டை மூடி திறக்காமல் காட்டினேன். ரோஸ் புள்ளிகளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அடில என்னா இது, கூழு மாரி?"

"கடல்பாசி ஆயா. சைனா கிராஸு."

"நம்ம கடல்லியா?"

"இல்ல, ராமேஸ்வரம் பக்கம். பொம்பளைங்க முங்கி எடுப்பாங்க."

"பாசிக்கு முங்குறாளுங்களா!" பிளேட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அவளுங்க ஒண்ணுக்கு எங்க போவாளுங்க?"

எனக்குத் தெரியவில்லை. ரிப்போர்ட் நாளைக்குப் பத்து மணிக்கு என்றேன்.

"பத்து மணிக்கு நான் தெருவுல இருப்பேன். பேத்திய அனுப்புறேன்" என்று கூடையை எடுத்தார்.